சிறிய மர லேத்துக்கு எந்தச் சக்? அடாப்டர் வேண்டுமா, வேண்டாமா?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது: “அண்மையில் விலை குறைந்த சிறிய மர லேத் ஒன்றை வாங்கினேன். 200 மி.மீ. விட்டம் வரை சுழற்றலாம். மோட்டார் 250 வாட். மிகக் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 750 சுற்று. கிண்ணங்கள் கடைய, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் ஒன்றை வாங்க வேண்டும். சக்கை மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மரை (திருகுவரி) என்ன அளவு என்பது கையேட்டில் இல்லை. வெர்னியரில் அளந்தால் 18.9 மி.மீ. காட்டுகிறது. விற்பவர் ஒருவர் ‘அது எம் 20தான்’, அதாவது 20 மி.மீ. மெட்ரிக் மரைதான், என்கிறார். மூன்று வழிகள் தெரிகின்றன: ஓர் அங்குல மரையுள்ள சக்கை, மரை அளவை மாற்றும் அடாப்டரோடு வாங்குவது, இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் தண்டோடு (ஸ்பிண்டிலின் துளையில் செருகும் கூம்புத் தண்டு) வரும் சக்கை வாங்குவது, உலோக லேத்துக்கான மூன்று தாடைச் சக்கை வாங்கிப் பொருத்திக்கொள்வது. எது சரி?”

மூன்றுமே எனக்கு முதல் தேர்வு அல்ல. ஆனால் சக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் ஸ்பிண்டிலின் மரை எதுவென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இந்த வகை லேத்துகளில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, அளக்காமல் வாங்கிய மரையில்தான் போகிறது.

ஆண் மரையின் வெளிவிட்டம் அதன் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அது குறையன்று, தடையின்றிச் சுழல்வதற்காக விடப்படும் இடைவெளி. எம் 20 மரை வெர்னியரில் ஏறத்தாழ 19.8 மி.மீ. காட்டும், எம் 18 மரை 17.8 மி.மீ. அளவில் காட்டும். 18.9 மி.மீ. இவ்விரண்டிலும் சேராது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; ஆகவே உங்களுடையது பெரும்பாலும் முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்ட ஸ்பிண்டில். சிறிய லேத்துகளில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு அது. விட்டத்தை மட்டும் நம்பாமல் மரைகளையும் எண்ணிப் பாருங்கள். ஸ்டீல் ஸ்கேலை மரையின் மீது நெடுக வைத்து, அரை அங்குலத்தில், அதாவது 12.7 மி.மீட்டரில், எத்தனை முகடுகள் வருகின்றன என்று பாருங்கள். சரியாக 8 வந்தால் ஐயமில்லை. எம் 20 மரையின் நுண்வகைக்கு முகட்டுக்கு முகடு 1.5 மி.மீ.; உங்களுடையதற்கு 1.59 மி.மீ. இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் ஆபத்து. எம் 20 துளையுள்ள சக் முக்கால் அங்குல ஸ்பிண்டிலில் சில சுற்றுகள் தளர்வாக ஏறி, கைக்குப் பொருந்திவிட்டதுபோலத் தோன்றும். பிடிமானமோ மரைகளின் நுனியில் மட்டும்தான் இருக்கும்.

இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. முக்கால் அங்குலம், 16 மரை என்பது பொது வழக்கிலுள்ள நுண்மரை அளவு. அந்த அளவு நட் ஒன்றை வாங்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். அடிவரை தடங்கலின்றி ஓடி, பக்கவாட்டில் ஆட்டம் இல்லாமல் நின்றால் வேலை முடிந்தது. விற்பவரின் சொல்லைவிட அந்த நட்டின் சொல்லை நம்பலாம்.

மரை தெரிந்துவிட்டால் உங்கள் இரண்டாவது வழி தானாகவே விழுந்துவிடுகிறது. இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பரின் அகன்ற முனை 17.78 மி.மீ.; உங்கள் ஸ்பிண்டில் மரையின் அடிவிட்டமோ ஏறத்தாழ 17.1 மி.மீ. தான். அத்தகைய துளையைக் கொள்ள அந்த ஸ்பிண்டிலில் இரும்பே மிஞ்சாது. ஆகவே உங்கள் லேத்தின் உள்ளே இருப்பது, அகன்ற முனை 12.07 மி.மீ. உள்ள முதலாம் எண் டேப்பராகத்தான் இருக்க வேண்டும். சரி, முதலாம் எண் தண்டோடு ஒரு சக் கிடைத்தால்? அப்போதும் கிண்ண வேலைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். மோர்ஸ் டேப்பர் உராய்வால் மட்டுமே பிடித்து நிற்பது. அச்சின் திசையில் அழுத்தம் தொடர்ந்து இருக்கும்வரை அது உறுதி. கிண்ணம் கடையும்போது உளி பக்கவாட்டில் தள்ளுகிறது. கட்டையின் சமனில்லாத முகம் சுற்றுக்குச் சுற்று தட்டுகிறது. அந்த அதிர்வில் டேப்பர் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒரு கணத்தில் சக்கும் கட்டையும் சேர்ந்து கையை நோக்கி வரும். ஸ்பிண்டிலின் பின்பக்கத்திலிருந்து நீண்ட போல்ட் போட்டு இழுத்துக் கட்டினால் அந்த நகர்வைத் தடுக்கலாம். ஆனாலும் அவ்வளவு மெல்லிய தண்டின் மீது கிண்ணத்தின் பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வராது. லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில் ஸ்டாக்கில் துளையிடும் சக்கை மாட்டுவதோடு அந்த டேப்பரின் பணி முடிந்தது.

உலோக லேத்தின் மூன்று தாடைச் சக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் குறுகிய தாடைகள் மரத்தை மூன்றே இடங்களில் நசுக்கிப் பிடிக்கும், சதுரக் கட்டையைப் பிடிக்காது, கழுந்தை (கட்டையின் அடியில் பிடிப்புக்காகக் கடையும் முளை) சரிவாகக் கவ்வும் புறாவால் வடிவமும் அவற்றுக்கு இல்லை. உடலுக்கு வெளியே நீளும் தாடைகள் விரல் முட்டிகளைத் தேடிவரும். அதைப் பொருத்தத் தனியாக ஒரு பின்தட்டும் வேண்டும். உருண்டைக் குச்சிகளை மட்டும் கடைபவருக்கு அது போதுமாக இருக்கலாம், உங்களுக்கு அன்று.

இனி முதல் வழி. அடாப்டர் என்பது ஒருபுறம் உங்கள் முக்கால் அங்குல ஸ்பிண்டிலில் ஏறி, மறுபுறம் ஓர் அங்குலம், 8 மரை ஆண் முனையாக நீளும் ஓர் இரும்புத் துண்டு. அது தீயது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையை உங்கள் பேரிங்குகள் கொடுக்கின்றன. சிறிய சக் ஒன்றின் தாடை நுனி, ஸ்பிண்டிலின் தோளிலிருந்து (மரை முடியும் இடத்திலுள்ள தடித்த விளிம்பு) ஏறத்தாழ 60 முதல் 70 மி.மீ. தள்ளி நிற்கும். அடாப்டர் அதனோடு இன்னும் 20, 25 மி.மீ. சேர்க்கிறது. நெம்புகோலின் கை மூன்றில் ஒரு பங்கு நீண்டால் முன்பேரிங்கின் மீது விழும் சுமையும் அதிர்வும் அதற்கேற்பக் கூடும். மலிவு லேத்தில் அந்தப் பேரிங் சிறியது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கேடு முகங்களின் சாய்வு. சக்கை நேராக நிறுத்துவது மரை என்றே பலர் நினைக்கிறார்கள். மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே செய்கிறது. நேராக நிறுத்துவது, ஸ்பிண்டிலின் தோளும் சக்கின் பின்முகமும் முழுவட்டமாகத் தொட்டு அமர்வது. அடாப்டர் இடையே வந்தால் இப்படித் தொட வேண்டிய இணைகள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. 30 மி.மீ. அகலமுள்ள ஒரு முகத்தில் 0.05 மி.மீ. சாய்வு இருந்தால், 150 மி.மீ. கிண்ணத்தின் விளிம்பில் அது கால் மில்லிமீட்டர் ஆட்டமாக வெளிப்படும். ஒருமுறை மாட்டிய கட்டையைக் கழற்றாமல் கடைந்து முடித்தால் இந்தப் பிழை உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனெனில் உளி வெட்டுவது சுழலும் அச்சைச் சுற்றித்தான். வெளிப்புறம் முடித்துத் திருப்பி மாட்டி உட்புறம் குடையத் தொடங்கும்போதுதான், ஒருபக்கச் சுவர் தடித்தும் மறுபக்கச் சுவர் மெலிந்தும் வரும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது நான்காவது வழி: உடலில் நேரடியாக மரை வெட்டாமல், மாற்றக்கூடிய உள்மரைச் செருகி கொண்ட, தானே மையப்படுத்தும் நான்கு தாடைச் சக். செருகி என்பது சக்கின் உடலுக்குள்ளேயே அமர்ந்துவிடும் வளையம். அது நீளத்தைப் பெரிதாகக் கூட்டாது. நோவா, ஒன்வே, விக்மார்க் போன்ற பெயர்களில் இத்தகைய சக்குகள் உண்டு. நாளை ஓர் அங்குல மரையோ, எம் 33 மரையோ கொண்ட பெரிய லேத்துக்கு மாறினால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். சக்கும் தாடைகளும் உங்களோடு வரும். ஒரு நிறுவனத்தின் செருகி பொதுவாக இன்னொன்றின் சக்கில் பொருந்தாது. வாங்கும் மாதிரிக்கு முக்கால் அங்குலம், 16 மரைச் செருகி கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய லேத்துக்கு மாறும் எண்ணமே இல்லையென்றால், அதே மரை நேரடியாக வெட்டப்பட்ட சக் இன்னும் நல்லது. இணைப்பு ஒன்று குறைகிறது.

அளவில் ஆசைப்படாதீர்கள். 100 மி.மீ. சக் கம்பீரமாகத் தோன்றும். உங்கள் லேத்துக்கு 70 முதல் 80 மி.மீ. உடல்விட்டமே ஏற்றது. தாடைகளில் 50 மி.மீ. வகையோடு தொடங்கினால் நெடுநாள் வேறு தேவைப்படாது. எந்தத் தாடையும் ஏறத்தாழ மூடிய நிலையில், துண்டுகளுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்போதுதான் முழுவட்டமாக அமைகிறது. அதைவிட அதிகமாக விரித்தால் மூலைகள் மட்டும் மரத்தைக் கடிக்கும். கழுந்தின் விட்டத்தை அந்த வட்டத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கழுந்து குறையாமல் இருப்பது நல்லது, 150 மி.மீ. கிண்ணத்துக்கு 50 மி.மீ. தாடை அப்படியே ஒத்துவருகிறது. கழுந்தின் நீளம் ஐந்தாறு மில்லிமீட்டர் போதும். அதன் நுனி சக்கின் அடியைத் தொடக்கூடாது, கட்டையின் தோள் தாடைகளின் மேல்முகத்தில் அமர வேண்டும். ஸ்பிண்டில் தோளுக்குச் சொன்ன அதே நியாயம்தான் இங்கும்.

சில வேளைகளில் அடாப்டர் தவிர்க்க முடியாதது. ஓர் அங்குல மரையுள்ள ஃபேஸ் பிளேட்டுகளும் (கட்டையைத் திருகி மாட்டும் தட்டுகள்) சக்கும் நண்பரிடமிருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தால் நானும் அதையே வாங்குவேன். அப்போது நீளம் மிகக் குறைந்ததாக, ஒரே இரும்புத் துண்டில் கடைந்ததாக, இரு முகங்களும் பளபளவென்று வெட்டப்பட்டதாக, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கங்கள் உள்ளதாகப் பாருங்கள். வார்ப்பில் வந்த கரடு முகம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேத்தை எதிர்த்திசையில் சுழற்றுவதானால் மரை தானே கழன்றுவிடும். அடாப்டரிலும் சக்கிலும் பூட்டுத் திருகு இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

எது வந்தாலும், முதல்நாள் ஒரு சோதனை செய்யுங்கள். மரைகளைத் தூரிகையால் துடைத்து, தோளின் மீது நான்கு இடங்களில் மெல்லிய காகிதக் கீற்றுகளை வைத்துச் சக்கை இறுக்குங்கள். நான்கும் இழுத்தால் வராமல் நின்றால் முகங்கள் தொட்டுவிட்டன. நான்கும் உருவி வந்தால் ஸ்பிண்டிலின் மரை சக்கின் துளையைவிட நீளம்; நுனி உள்ளே முட்டி நிற்கிறது. அதற்கு இரு முகமும் இணையாகக் கடைந்த இடைவளையம் வேண்டும்; வாளியிலிருந்து எடுத்த வாஷர் உதவாது. ஒன்றிரண்டு மட்டும் வந்தால் ஏதோ ஒரு முகம் சாய்ந்திருக்கிறது, அல்லது தூசி சிக்கியிருக்கிறது. எனக்கு ஒருமுறை ஒரு சிறு மரச்சீவல் இதைச் செய்தது. அரைநாள் பேரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரலாம் என்பது கடைசல்காரர்களின் பழைய கணக்கு. உங்கள் லேத்தின் 750 சுற்றில் 8 அங்குலக் கட்டை சரியாக 6000 தொடுகிறது; அது உருண்டையாக்கிய கட்டைக்கு. சமனில்லாத கட்டைக்கு அந்த வேகமே மிகுதி, அதைக் குறைக்க உங்களுக்கு வழியும் இல்லை. ஆதலால் 6 அங்குலத்துக்குள் நின்று, மூலைகளை முன்கூட்டியே வாளால் அறுத்துவிட்டு, வெளிப்புறம் உருண்டையாகும்வரை டெயில் ஸ்டாக்கை முட்டுக்கொடுத்தே வைத்திருங்கள். சக் வந்து சேரும்வரை லேத்தோடு வந்த ஃபேஸ் பிளேட்டில் கட்டையைத் திருகி மாட்டிக் கடையத் தொடங்கலாம். பிடிமானத்தில் அது எந்தச் சக்குக்கும் இளைத்ததன்று.