கேபிள் கம்பியும் ஐம்பது வாட் வானொலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உள்ளூர் கேபிள், உள்ளூர் சேனல், சமுதாய வானொலி (ஊர் மக்களுக்காக லாப நோக்கின்றி நடக்கும் சின்ன வானொலி) பற்றி வந்த கேள்விகளில் ஏழை எடுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

340 இணைப்பு வைத்திருக்கும் சின்ன ஆபரேட்டர் நான். வருடா வருடம் தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிப்பேன். இந்த முறை வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கே போவது? (கோவில்பட்டி)

அஞ்சலக ஊழியர் சொன்னது சரிதான். 2025 ஜனவரி 17 முதல் விதி மாறிவிட்டது. இனி உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் பதிவு முழுக்க ஆன்லைனில், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 'பிராட்காஸ்ட் சேவா' தளத்தில்தான். கட்டணம் 5,000 ரூபாய். ஆனால் பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆதார், பான் விவரம் சரிபார்க்கப்பட்டதும் சான்றிதழ் உடனே வந்துவிடும். புதுப்பிக்க, காலாவதியாகும் நாளுக்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பழைய அஞ்சலகச் சான்றிதழ் அதில் போட்டிருக்கும் தேதிவரை செல்லும். உங்களுக்கு 90 நாளுக்கும் குறைவாக இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு இல்லாமல் கேபிள் ஓட்டுவது 1995ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை மீறுவது. கருவிகளையே பறிமுதல் செய்யலாம்.

பக்கத்து ஆபரேட்டர் என் தெருவுக்குள் கம்பி இழுக்கிறார். இருபது வருடமாக இது என் ஏரியா. பதிவு முதலில் வாங்கியவன் நான். தடுக்க முடியாதா? (திண்டுக்கல் மாவட்டம்)

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. மழையில், நடு ராத்திரியில் கம்பம் ஏறி இணைப்பு கொடுத்தவருக்கு அந்தத் தெரு தன்னுடையது என்றுதான் தோன்றும். ஆனால் சட்டத்தில் 'ஏரியா' என்று ஒன்று கிடையாது. பதிவு என்பது தொழில் செய்ய அனுமதி மட்டுமே. ஒரு தெருவின் மேல் உரிமை அல்ல. இப்போதைய விதிப்படி ஒரு பதிவு நாடு முழுவதற்கும் செல்லும் என்பதால், பழைய 'இந்த அஞ்சலக எல்லை' என்ற கணக்கும் போய்விட்டது. ஏரியா பிரிவினை ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது வேறொன்று: எம்.எஸ்.ஓ.வுடன், அதாவது உங்களுக்குச் சிக்னல் கொடுக்கும் பெரிய கேபிள் நிறுவனத்துடன், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 ஒழுங்குமுறைப்படி அது கட்டாயம். மூன்று வார நோட்டீஸ் கொடுக்காமல் உங்கள் சிக்னலை அவர்கள் துண்டிக்க முடியாது. தகராறு முற்றினால் டெல்லியில் இருக்கும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் உண்டு. வாய்ப்பேச்சை நம்பித் தொழில் நடத்தி, ஒரே நாளில் மொத்த இணைப்பையும் இழந்த ஆபரேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் ஒரு பாக்ஸ்கூட மாட்டாதீர்கள்.

கட்டணத்தில் எங்கள் பங்கு எவ்வளவு? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (ஆரணி)

நீங்களும் எம்.எஸ்.ஓ.வும் பேசி வைத்துக்கொள்வதுதான் கணக்கு. பேச்சு முடியாவிட்டால் டிராய் வகுத்த விகிதம் 55:45. அதாவது எம்.எஸ்.ஓ.வுக்கு 55, உங்களுக்கு 45.

முன்பெல்லாம் எங்கள் கேபிள்காரர் தேரோட்டத்தைப் படம் பிடித்து அன்று ராத்திரியே லோக்கல் சேனலில் போடுவார். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்தச் சேனலே இல்லை. அதை மறுபடி கொண்டுவர வழி இருக்கிறதா? (மயிலாடுதுறை)

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு கொஞ்சம் பின்னால் போய்விட்டது. தொண்ணூறுகளில் நானும் ஒரு சின்ன ஊர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவன். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் சைக்கிளில் கேசட் வரும். விசிஆரில் போட்டு, மாடுலேட்டர் (படத்தை ஒரு சேனலில் ஏற்றும் கருவி) வழியாகக் காலியாக இருக்கும் சேனலில் விட்டால் ஊரே பார்க்கும். நடக்க முடியாத ஒரு பாட்டி, தன் வீட்டு வாசலைத் தேர் கடக்கும் காட்சியை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பேரனை அனுப்புவார். போடுவோம்.

ஏன் போனது என்று சொல்கிறேன். அனலாக் காலத்தில் சிக்னல் கலந்தது உங்கள் ஊரில். டிஷ், ரிசீவர், மாடுலேட்டர் எல்லாம் அந்த ஒற்றை அறையில் இருந்தன. 2011 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கட்டம் கட்டமாக எல்லாம் டிஜிட்டலானது. சென்னை முதல் கட்டத்தில், கோவை இரண்டாம் கட்டத்தில், சிற்றூர்கள் கடைசிக் கட்டத்தில், அதாவது 2017 மார்ச்சுக்குள் முடித்திருக்க வேண்டும். டிஜிட்டலில் சேனல்களைத் தொகுத்துப் பூட்டுப் போடுவது எம்.எஸ்.ஓ.வின் தலைமைக் கூடத்தில். பூட்டிய சிக்னல் ஃபைபரில் உங்கள் ஊருக்கு வருகிறது, பாக்ஸ் திறக்கிறது. நடுவில் உங்கள் கேபிள்காரர் எதையும் நுழைக்க முடியாது. பூட்டு போட்டதில் கட்டணத் திருட்டு குறைந்தது, படம் தெளிவானது. ஆனால் ஊர்க் கன்ட்ரோல் ரூமின் வாயும் அடைபட்டுவிட்டது. இதை இழப்பு என்றுதான் நான் சொல்வேன்.

வழி இருக்கிறது. 2022 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்களில் உள்ளூர் சேனலுக்கு 'பிளாட்பார்ம் சர்வீஸ்' என்று பெயர். எம்.எஸ்.ஓ. தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ஒரு சேனலுக்கு ஒரே ஒரு தடவை 1,000 ரூபாய். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதம்வரை இப்படிச் சேனல் நடத்தலாம். அதற்கு மேல், உள்ளூர் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று மாவட்ட அளவில் கூடுதலாக இரண்டு உண்டு. நீங்கள் பிடிக்க வேண்டியது இந்த இரண்டைத்தான். ஒற்றை ஆளாகப் போய்க் கேட்டால் எம்.எஸ்.ஓ. காது கொடுக்க மாட்டார். மாவட்டத்தில் இருக்கும் இருபது முப்பது ஆபரேட்டர்கள் சேர்ந்து, 'எங்கள் மாவட்டத்துக்கு ஒரு சேனல்' என்று கேளுங்கள். கல்யாண வாழ்த்து, கடை விளம்பரம் என்று அவருக்கும் வருமானம் இருப்பதால் பேச இடமுண்டு.

சில நிபந்தனைகள். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி போடுவதென்றால் நடத்துபவர் கம்பெனியாகப் பதிவானவராக இருக்க வேண்டும். சினிமாவும் பாட்டும் உரிமை வாங்காமல் போடக்கூடாது. பழைய லோக்கல் சேனல்கள் பல வழக்கில் மாட்டியது இதில்தான். ஒரு எம்.எஸ்.ஓ.வின் உள்ளூர் நிகழ்ச்சியை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஆனால் வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் தேரோட்டத்தை நேரலையாக எடுத்தால், பக்கத்து ஊரில் வேறு எம்.எஸ்.ஓ. இருந்தாலும் அங்கேயும் காட்டலாம்.

அமெரிக்காவில் குறைந்த சக்தி டிவி நிலையங்கள் இருக்கின்றனவாமே. நம் ஊரிலும் சின்ன டவர் வைத்து, கம்பி இல்லாமல் டிவி நடத்த முடியாதா? (சேலம்)

முடியாது. அங்கே 1982இலேயே அந்த வகை உரிமத்தை உருவாக்கிவிட்டார்கள். இந்தியாவில் டவர் வழியாக வரும் தரைவழித் தொலைக்காட்சி இன்றும் தூர்தர்ஷனிடம் மட்டும்தான். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் 'அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து' என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் வானொலிக்குக் கதவு திறந்தது. டிவிக்குத் திறக்கவில்லை.

ஆனால் நம் நாட்டில் இது நடந்தே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற கிராமம். 1975இல் இஸ்ரோவின் முயற்சியில் அங்கே ஒரே ஒரு கிலோவாட் சக்தியுள்ள டிவி டிரான்ஸ்மிட்டர் வந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் பொது டிவிப் பெட்டிகள் வைத்தார்கள். நகரத்து நிகழ்ச்சியைக் கொண்டுவந்து கொட்டவில்லை. கிராமத்து மக்களின் பேச்சு வழக்கிலேயே, கூலி, சாதிக் கொடுமை, குடி, கால்நடை என்று அவர்களே பேசிய, நடித்த நிகழ்ச்சிகள். 1984இல் யுனெஸ்கோவின் கிராமப்புறத் தகவல்தொடர்புப் பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அப்படியும் எண்பதுகளின் நடுவில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்த முடிவு செய்தபோது, ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். தன் முகத்தை டிவியில் பார்த்துப் பழகியவர்கள் அதைச் சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தூர்தர்ஷன் இப்போது பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. காலியாகும் அந்த இடத்தில் கொஞ்சமாவது ஊர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, சேலத்தில் நீங்கள் செய்யக்கூடியது முந்தைய பதிலில் சொன்ன மாவட்டச் சேனல், அல்லது அடுத்த பதிலில் வரும் வானொலி.

எங்கள் கடலோரக் கிராமத்தில் மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒரு வானொலி தொடங்க ஆசைப்படுகிறோம். யாருக்கு அனுமதி கொடுப்பார்கள்? அப்புறம், விளம்பரம் வாங்கலாமா? (நாகப்பட்டினம் மாவட்டம்)

நல்ல ஆசை. முதலில், தனி நபருக்கும், லாப நோக்கு நிறுவனத்துக்கும், அரசியல் கட்சிக்கும் சமுதாய வானொலி கிடையாது. கல்வி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குக் கிடைக்கும். 2002 இறுதியில் கல்வி நிலையங்களுக்கு மட்டும் திறந்த கதவு இது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி பேசத் தொடங்கியது. 2006இல்தான் தொண்டு அமைப்புகளையும் சேர்த்தார்கள். 2008இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' வந்தது. அவர்கள் விவசாயக் கூலிப் பெண்கள். அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும்.

உங்கள் குழுக்கள் தனித்தனியாக விண்ணப்பிக்க முடியாது. கூட்டமைப்பாகச் சங்கமோ அறக்கட்டளையோ பதிவு செய்து, மூன்று வருடமாவது மக்களுக்கு வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே பதிவான கூட்டமைப்பு இருந்தால் அதன் பெயரில் போடுங்கள். மூன்று வருடம் மிச்சம். விண்ணப்பம் இதற்கும் பிராட்காஸ்ட் சேவா தளத்தில்தான். பல துறைகளின் ஒப்புதல் வேண்டும் என்பதால் நாள் பிடிக்கும், சோர்ந்துவிடாதீர்கள். 2024 வழிகாட்டுதலின்படி அனுமதி பத்து வருடத்துக்கு. ஆலோசனைக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். உங்களுக்கு அது கவலையே இல்லை.

டிரான்ஸ்மிட்டர் 50 வாட். ஆண்டெனா குவித்து அனுப்புவதால் கிடைக்கும் பயனுறு சக்தி 100 வாட்வரை போகலாம். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தட்டையான கடலோர நிலத்தில் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தெளிவாகக் கேட்கும். விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் பாம்பனுக்குப் போய் 'கடல் ஓசை' 90.4ஐப் பாருங்கள். 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய நிலையம் அது. காற்று, அலை, கடல் நிலவரம் எல்லாம் கரையில் இருக்கும் ஒருவர் தன் சொந்தப் பேச்சில் சொல்வதை அங்கே கேட்கலாம்.

விளம்பரம் வாங்கலாம். மணிக்கு 7 நிமிடமாக இருந்ததை 2024இல் 12 ஆக்கினார்கள். அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய் என்றும் உயர்த்தினார்கள். கருவி வாங்க மத்திய அரசின் மானியத் திட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் நிலையத்தை மூட வைப்பது கருவிச் செலவு அல்ல, மாதா மாதம் கொடுக்க வேண்டிய சம்பளம். இரண்டு வருடச் சம்பளத்துக்கு வழி தெரிந்த பிறகு தொடங்குங்கள். நிகழ்ச்சியில் பாதியாவது உங்கள் ஊர் மக்கள் பங்கேற்றுச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி.

நாங்கள் நடத்தும் சமுதாய வானொலியில் ஊர்ச் செய்தி சொல்லக்கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் என்னதான் சொல்வது? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். அச்சில் யார் வேண்டுமானாலும் செய்தி போடும் நாட்டில் ஐம்பது வாட் வானொலிக்கு மட்டும் இந்தத் தடை இருப்பது நியாயமில்லை. மாற்ற வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டு வருகிறோம்.

அதற்காக வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம். வானிலை, போக்குவரத்து, விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, மின்வெட்டு, குடிநீர், வெள்ளம், புயல் எல்லாம் 'தகவல்' என்ற கணக்கில் வரும், செய்தி என்று ஆகாது. நாளைக்கு எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தப் பாலத்தில் வெள்ளம் ஓடுகிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னது எந்த அலுவலகத்தில், யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டு வாங்கியது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். யாராவது விளக்கம் கேட்டால் அந்த நோட்டைக் காட்டினால் போதும்.