வகுப்பறையில் வலைப்பூவும் விக்கியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (ஆசிரியை, பாம்பன்): எட்டாம் வகுப்பு மாணவர்களை இணையத்தில் எழுத வைக்க விரும்புகிறேன். வலைப்பூ (பிளாக்) தொடங்குங்கள் என்கிறார் ஒருவர். விக்கியே நல்லது என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. வலைப்பூவில் வரும் பதிவு எழுதியவரின் பெயரையும் நாளையும் தாங்கி நிற்கும்; மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்லலாமே தவிர, அவருடைய வரியில் கைவைக்க முடியாது. விக்கியிலோ நான் எழுதியதை அடுத்த பெஞ்சில் இருப்பவர் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். ஆனால் நீக்கியது தொலைந்துபோவதில்லை, யார் எப்போது எதை மாற்றினார் என்பது ‘வரலாறு’ப் பக்கத்தில் அப்படியே இருக்கும். 1995இல் முதல் விக்கியை அமைத்த வார்டு கன்னிங்காம், ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். வகுப்பறையில் அது விரைவாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

உங்கள் தீவிலேயே ஒரு பள்ளியில் கண்டதைச் சொல்கிறேன். காற்றுகளைப் பற்றிய பக்கத்தில் ஒரு மாணவி, ‘கச்சான் காலத்தில் கடல் கொந்தளிக்கும்’ என்று எழுதினாள். பக்கத்துக் கணினியில் இருந்த மாணவன் அதை நீக்கிவிட்டு, ‘கச்சான் காலத்தில் கடல் அமைதியாக இருக்கும்’ என்று எழுதினான். அவள் மாற்ற, அவன் மாற்ற, மணி அடிப்பதற்குள் ஆறு திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு விக்கிப் பக்கத்தோடும் இருக்கும் உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டுத்தான் இனி வரியைத் தொட வேண்டும் என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவள், ‘எங்கப்பா தென்கடலுக்குப் போறவரு’ என்றும், அவன், ‘நாங்க வடகடல்’ என்றும் எழுதியிருந்தார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கலங்கும், பாக் விரிகுடாவாகிய வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசத் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகும். இருவர் எழுதியதும் சரிதான், எந்தக் கடல் என்பதைத்தான் இருவருமே எழுத மறந்திருந்தார்கள்.

ஆகவே ஊரில் பலருக்கும் தெரிந்த, ஆனால் ஆளுக்கொரு விதமாகத் தெரிந்த செய்திகளுக்கு விக்கியை வையுங்கள்: மீன் பெயர்கள், காற்றுகள், வலை வகைகள். ஒருவர் மட்டுமே கண்டதற்கு வலைப்பூ பொருந்தும். பாசி எடுக்கப் போகும் தாயோடு கழித்த ஒரு காலையையோ, 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுத்துண்டு மேலே எழுவதை முதன்முதலாகப் பார்த்ததையோ இன்னொரு பிள்ளை திருத்த வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை என்பதால், கோடையில் தகப்பன்மார் பலர் கரையில்தான் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுவைத்ததை ஜூனில் பள்ளி திறந்ததும் எழுதலாம்.

மதிப்பெண் போட வரலாற்றுப் பக்கம் உதவும். குழுப்பணியில் ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்ற பழைய புகாருக்கு அங்கே விடை இருக்கிறது. ஆனால் திருத்தங்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். காற்புள்ளியை இருபது முறை மாற்றிய பிள்ளை பட்டியலில் முதலிடத்தில் நிற்கும்.

கேள்வி (தலைமையாசிரியர், வாலிநோக்கம்): கணினி ஆய்வகம் இருக்கிறது, இணையம்தான் அடிக்கடி அறுந்துவிடுகிறது. இது எங்களுக்கு ஆகுமா?

பதில்: ஆகும். ‘டோக்குவிக்கி’ என்ற இலவச மென்பொருள் பக்கங்களை வெறும் உரைக்கோப்புகளாகவே சேமிப்பதால், தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. ஒரு கணினியில் நிறுவிவிட்டால் ஆய்வகத்தின் மற்றக் கணினிகள் உள்ளிணைப்பு வழியாக அதைத் திறக்கலாம். வெளி இணையம் வேண்டாம். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் பக்கம் மற்றவர்களுக்குத் தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.

மின்சாரமும் இல்லாத நாளுக்கு நீளக் குறிப்பேடு போதும். வலப்பக்கம் கட்டுரை, இடப்பக்கம் வாதம். ரப்பர் கூடாது, கோடிட்டு அடித்துப் பக்கத்தில் பெயரெழுத்தும் நாளும் போட வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன், கணினிக்குப் போனபோது பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இருக்கவில்லை.

கேள்வி (ஒரு தாய், தங்கச்சிமடம்): வகுப்பு வலைப்பூவில் என் மகளின் படம், பெயர், வகுப்புப் பிரிவு எல்லாம் வந்திருக்கின்றன. எடுக்கச் சொன்னால் ஆசிரியர் வருத்தப்படுவாரோ என்று தயக்கம்.

பதில்: தயங்காமல் சொல்லுங்கள் அம்மா. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆசிரியர் பெரும்பாலும் பெருமையால்தான் போட்டிருப்பார், கேட்டால் எடுத்துவிடுவார். படத்திற்குப் பதில் பிள்ளை வரைந்த ஓவியத்தையும், பெயருக்குப் பதில் புனைபெயரையும் போடலாம். ஊளி, சீலா, முரல் என்று மீன் பெயர்களையே வைத்துக்கொண்ட ஒரு வகுப்பை நான் அறிவேன். கணக்கு ஆசிரியர் பெயரில் மட்டுமே இருக்கட்டும். வெளியார் கருத்துகள் அவர் பார்த்து ஒப்பிய பிறகே வெளிவருமாறு அமைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர், தேவிபட்டினம்): எங்கள் ஊரைப் பற்றிப் பாட்டி சொன்னதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்தேன். மறுநாளே நீக்கிவிட்டார்கள். பாட்டி பொய்யா சொல்வார்?

பதில்: இல்லை தம்பி. 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில், அச்சிலோ இணையத்திலோ ஏற்கெனவே வெளிவந்த நம்பகமான சான்று உள்ளதை மட்டுமே சேர்க்கலாம். வாய்மொழியாகக் கேட்டது மெய்யாகவே இருந்தாலும் நிற்காது. பாட்டி சொன்னதற்குச் சரியான இடம் உங்கள் வகுப்பு வலைப்பூ. யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விக்கிப்பீடியாவில் எழுதிப் பழக ‘மணல்தொட்டி’யும், ஐயம் கேட்க ‘ஆலமரத்தடி’யும் இருக்கின்றன. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை நீங்களே படம் எடுத்திருந்தால், படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ஆனால் அங்கே ஏற்றும் படத்தை யாரும், வணிகத்திற்கும்கூட, பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

கேள்வி (ஆசிரியர், ஏர்வாடி): பாமினியில் தட்டச்சு செய்த மாணவர் கட்டுரைகளை வலைப்பூவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். எழுத்துரு மாற்றியில் இட்டு, எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள். இனிமேல் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் போதும், புள்ளி தானே விழும்.