பரிசோதனைக்குச் செல்லத் தயங்கும் சகோதரிக்கு

அன்புச் சகோதரி, எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் சீட்டிலிருந்த பழைய ஆண் பெயரை எல்லோர் முன்பும் உரக்கக் கூப்பிட்டதால் பாதியிலேயே திரும்பிவிட்டதாகவும், முடிவு நம் திருநங்கைக் குடும்பமான ஜமாத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஒரு திருநங்கையின் கால்கள் தாமாக வாசலை நோக்கித் திரும்புவதை, ஆலோசகராகப் பணியாற்றிய நாட்களில் நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். தவறு உங்களுடையது அன்று.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், உங்கள் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் உங்கள் நிலையைப் பிறரிடம் வெளியிடுவதையும் பொதுவாகத் தடை செய்கிறது. ஆகவே உங்களை மகளாக ஏற்றுக்கொண்ட ஜமாத் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவே. ஆனால், மகளின் கையைப் பிடித்துத் தாமே அழைத்துவந்து, முடிவு வரும்வரை பெஞ்சில் காத்திருந்த அம்மாக்களும் உண்டு என்பதால், அந்த உறவை அச்சமாக மட்டும் பார்க்க வேண்டாம்.

அடுத்த முறை புறநோயாளிகள் வரிசையில் நிற்காமல், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு நேராகச் சென்று, எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனையும், தொற்று இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தும் இலவசம். ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முன்னதாகப் பேசிப் பார்க்க விரும்பினால், 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கலாம்.