எக்செலில் மௌஸ் இல்லாமல் ஆயிரக்கணக்கான வரிசைகளைத் தேர்வு செய்வது எப்படி?

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டுங்கள். தரவு முடியும் செல்லுக்கே போய்விடும். ஷிஃப்டையும் சேர்த்துக்கொண்டால் வழியில் உள்ள அத்தனை செல்களும் தேர்வாகும். இந்த ஒன்று கைக்கு வந்தாலே பாதி வேலை மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். 500 வரிசைப் பட்டியலில் 212-ஆவது செல் காலி என்றால் 211-லேயே தேர்வு முடிந்துவிடும். அது தெரியாமல் காப்பி செய்தால் மீதி விடுபட்டுப்போகும். அதனால் எங்கே நின்றது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலி செல்கள் நிறைய இருந்தால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எண்ட் நல்லது: ஷீட்டில் பயன்படுத்திய கடைசி செல் வரை தேர்வாகும். கூடுதலாக வந்த நெடுவரிசைகளை ஷிஃப்ட் + இடது அம்புக்குறியால் குறைத்துக்கொள்ளலாம்.

முழு வரிசைக்கு ஷிஃப்ட் + ஸ்பேஸ், முழு நெடுவரிசைக்கு கன்ட்ரோல் + ஸ்பேஸ். பின்னது சில கணினிகளில் மொழி மாற்றும் விசையாகவும் இருப்பதால் வேலை செய்யாமல் போகலாம்.

பெரிய ஷீட்டில் எங்கோ ஸ்க்ரோல் செய்து தொலைந்துபோனால் கன்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் போதும், தேர்வு கலையாமல் நீங்கள் இருந்த செல்லுக்கே திரை திரும்பிவிடும். பலருக்கும் தெரியாத, அருமையான குறுக்குவிசை இது.