எபனேசர் ஓடையில் எடுத்த பாலம்

அன்புள்ள சார்,

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். போன மாதம் சவன்னா போகும் வழியில் எஃபிங்ஹாம் கவுண்டியில் ஒருநாள் தங்கினோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல் வடக்கின் தளபதி ஷெர்மனின் படை வந்தபோது தன் முன்னோர் பன்றி இறைச்சியைக் குழிவெட்டிப் புதைத்த கதையை அங்கே ஒரு பெரியவர் நேற்று நடந்ததுபோல் சொன்னார். அந்தப் பக்கத்து வரலாறு இவ்வளவுதானா?

ச., அட்லாண்டா

அன்புள்ள ச.,

பெரியவர் சொன்னதை நம்பலாம். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு நடத்திய போர் அது, ஜார்ஜியா தெற்கின் பக்கம். நவம்பர் 15 அன்று அட்லாண்டாவிலிருந்து கிளம்பிய 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், போகிற வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். கட்டளையே அப்படித்தான். சோளம், சர்க்கரைவள்ளி, பன்றி, கோழி எல்லாம் போயிற்று. கடலோரம் நெருங்கியதும் சோளம் கிடைக்கவில்லை, நெல்தான் கிடைத்தது. அதைக் குத்தித் தின்றார்கள். குளிர்காலத்துக்கு வைத்திருந்ததைப் பறிகொடுத்த வீட்டின் பசியை அதன் பேரப்பிள்ளைகள் மறக்க வேண்டியதில்லை.

சரி, அந்தக் குழியை வெட்டியது யார்? அடிமைகளை வைத்திருந்த வீடு என்றால் பெரும்பாலும் அவர்கள்தான். ஜார்ஜியா முழுக்க அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில், குழந்தை குட்டிகளோடு படையின் பின்னால் நடந்தார்கள். அந்தக் கவுண்டியின் கதையில் எனக்கு முக்கியமானவர்கள் இவர்கள்.

டிசம்பர் 9. அதே கவுண்டியில் எபனேசர் ஓடை நிரம்பி ஓடுகிறது. மரச்சட்டத்தில் கித்தான் இழுத்துக் கட்டிய படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை போட்ட பாலம். ஜெஃபர்சன் சி. டேவிஸின் 14ஆம் படைப்பிரிவு அதில் கடந்தது. (தெற்கின் அதிபர் டேவிஸ் வேறு, இவர் வடக்கின் தளபதி.) முன்னால் சண்டை நடக்கிறது என்று சொல்லி, பின்னால் வந்த கருப்பின மக்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். கடைசிச் சிப்பாய் கரையேறியதும் பாலத்தை இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வீலரின் தென்னகக் குதிரைப்படை வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் தண்ணீரில் குதித்தார்கள். எதிர்க்கரையில் மனம் பொறுக்காத சிப்பாய்கள் சிலர் மரக்கட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள். செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. இக்கரையில் நின்றவர்களில் பலரைக் குதிரைப்படை பிடித்து மறுபடி அடிமைகளாக்கியது.

இந்தச் சேதி வாஷிங்டன் வரை போனது. போர்ச் செயலர் ஸ்டான்டன் சவன்னாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 அன்று அவரும் ஷெர்மனும் 20 கருப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேசியர், தன்னையும் மனைவியையும் காசு கொடுத்து விடுவித்துக்கொண்டவர், வயது 67. நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நாலே நாளில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்ற ஷெர்மனின் ஆணை வந்தது. அந்த வருடமே, லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஓடையில் நடந்ததைச் சொல்லும் அறிவிப்புப் பலகை 2010இல்தான் வந்தது. அடுத்தமுறை அங்கேயும் போங்கள். அப்புறம் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், குழி வெட்டியவர் யார், டிசம்பரில் அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.