பெரியவர்கூட

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர். ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது மனம் உடைந்து அழுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் அதே பாவங்களில் விழுந்துவிடுகிறேன். கோபம், பொறாமை, ராத்திரி செல்போன். போன வாரம் கோயில் பெருக்கும் பெரியவர்கூட திருவிருந்துக்கு எனக்கு முன்னால் போய் முழங்கால் போட்டுவிட்டார். அதற்கே எரிச்சல் வந்துவிட்டது. அவ்வளவு பலவீனன் நான். பாவத்தை ஜெயிக்கவும் தாழ்மையில் வளரவும் என்ன செய்யலாம்? நாற்பது நாள் உபவாசம் இருக்கலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

உபவாசம் உங்கள் இஷ்டம். சர்க்கரை, அல்சர் இல்லையென்றால் இருங்கள். செல்போனை ராத்திரி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுங்கள். செவ்வாய்க்கிழமை விழுவதைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். நான் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே விழுந்துவிடுகிற ஆள்.

சரி, அந்தப் பெரியவருக்கு வருவோம். உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டு திரிவதற்கு அவர்தான் காரணம்.

‘பெரியவர்கூட’ என்று எழுதியிருக்கிறீர்கள். சேகரக் கமிட்டி மெம்பர் உங்களுக்கு முன்னால் போயிருந்தால் அந்தக் ‘கூட’ வந்திருக்காது. விலகி வழிவிட்டிருப்பீர்கள், அதை மரியாதை என்றும் நினைத்திருப்பீர்கள். விளக்குமாறு பிடிக்கிற கை முதலில் அப்பத்துக்கு நீண்டதும்தான் ‘கூட’ வந்தது. எரிச்சலைப் பாவக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். ‘கூட’வை எழுதவில்லை, ஏனென்றால் அது உங்கள் கண்ணில் படவே இல்லை. எரிச்சல் போன வாரம் வந்தது தம்பி. ‘கூட’ நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் வீட்டில் குடியிருக்கிறது.

சாதி என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை, நான்தான் இழுத்து வருகிறேன் என்பீர்கள். இருக்கலாம். அந்தப் பெரியவர் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் பக்கத்துக் கோயில்களில் யார் முன்னால், யார் பின்னால் என்ற பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பூசை காணலாம். கொத்தனாருக்கு அளவு சொல்லி, சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய பாவம் அது. இரண்டு பக்கத்து ஆட்களும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போயிருப்பார்கள். கோபம், பொறாமை என்று உங்களைப் போலவே சொல்லியிருப்பார்கள். சுவரைச் சொல்லியிருப்பார்களா? 1910இல் குருவானவர் அந்தத் தடுப்பை எடுத்தபோது வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட் வரை போய்த் தோற்றார்கள். பாவத்தை விடச் சொன்னதற்கு வக்கீல் வைத்து வாதாடியிருக்கிறார்கள்!

அது ஆர்.சி. விவகாரம் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். 1833இல், உங்கள் சி.எஸ்.ஐ.க்கு முன்னோடியான ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். கோயிலில் தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்துக்கு யார் முதலில் வருவது என்பதும் அப்போதைய சண்டைகள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். ஏறக்குறைய 200 வருஷம் ஆகிறது, நீங்கள் அதே வரிசையில் நின்றுகொண்டு எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

கோபிக்காதீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு அனுப்பியிருக்கலாம், நீங்கள் அடிக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு அடுத்த ஞாயிறு அவர் காலில் போய் விழுந்துவிடாதீர்கள். பாவம், மனுஷன் பயந்துபோவார். முக்கியமாக யாரையும் போட்டோ எடுக்கச் சொல்லாதீர்கள்.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றால், ஒன்றுமில்லை. 2013இல் போப் பிரான்சிஸ், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனன்று, ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி முத்தமிட்டார். அந்தப் படத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்தபோது நான் அவர் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துண்டு என்னைப் பழைய ஒரு பெரிய வியாழனுக்கு இழுத்துப் போனது. அன்று எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார், பாதம் கழுவும் சடங்குக்கு இந்த வருஷம் எல்லாத் தெருவிலிருந்தும் பையன்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று மதியமே என்னை உட்காரவைத்துப் பீர்க்கங்கூட்டால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி அனுப்பினார். ஆண்டவர் கழுவுவதற்கு அழுக்கே மிச்சமில்லை.

பெஞ்சில் நான் ஐந்தாவது. நாலாவது கீழத்தெருப் பையன், என் வகுப்புதான், கணக்கில் என்னைவிடக் கெட்டி. அவன் காலில் பித்தவெடிப்பு, அதில் செம்மண் ஏறியிருந்தது. செம்பிலிருந்து தண்ணீர் விட்டதும் பேசின் கலங்கியது. சாமியார் அவன் காலைத் துடைத்தார். அதே துண்டோடு நகர்ந்து என் முன்னால் முழங்கால் போட்டார். துண்டின் ஓரத்தில் செம்மண் இருந்தது. நான் காலை இழுக்கவில்லை. பாடற்குழு பாடிக்கொண்டிருந்தது, எனக்குக் கண்கூடக் கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி இறைத்து வலது காலில் ஊற்றினேன். அப்புறம் இன்னொரு வாளி. அம்மா பின்வாசலில் நின்று பார்த்தார். என்னடா என்று கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் லைஃப்பாய் சோப்பை எடுத்து வந்து துவைகல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்புடன்.