லோடு லாரியும் சரிவான வளைவும்

கேள்வி: சொந்தமாக லாரி ஓட்டுகிறேன். வெளி ஓரத்தை உயர்த்திப் போட்ட வளைவில், காலி வண்டியில் திரும்பும் அதே வேகத்தில் லோடுடனும் திரும்பலாமா? பாடப்புத்தகச் சூத்திரத்தில் எடையே வரவில்லை என்கிறான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன்.

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால், அந்தச் சூத்திரம் வண்டி சறுக்குமா என்பதை மட்டுமே சொல்கிறது. கவிழுமா என்பதைச் சொல்வதில்லை.

வளைவில் செல்லும் வண்டியை வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சமதளச் சாலையில் அதை உராய்வு மட்டுமே தருகிறது. வெளி ஓரத்தை உயர்த்தும்போது, வண்டியைத் தாங்கும் சாலையின் எதிர்விசை சற்றே உள்நோக்கிச் சாய்ந்து, அந்த விசையில் ஒரு பங்கைத் தருகிறது. எடை இரு மடங்கானால் தேவையான விசையும் கிடைக்கும் விசையும் சேர்ந்தே இரு மடங்காவதால், கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது.

சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி சமவெளிச் சாலைகளில் இந்தச் சரிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 7 மீட்டர் அகலச் சாலையில் அது ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அப்படிச் சரிந்த, 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 23 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டு உராய்வே தேவைப்படாது. 40 கி.மீ. வேகத்தில் வண்டி எடையில் 14 சதவீத அளவுக்கும், 60 கி.மீ. வேகத்தில் 40 சதவீத அளவுக்கும் உராய்வு வேண்டும். சரிவு தரும் பங்கு ஏறக்குறைய மாறாமல் நிற்க, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் தேவை முழுவதும் டயர்களின் மேல் விழுவதே இதற்குக் காரணம்.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் அந்த 40 சதவீதத்தையும் தாங்கிவிடும் என்பதால் கார் திரும்பிவிடும். உங்கள் லோடு வண்டிக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உராய்வு சாலை மட்டத்தில் இழுக்கிறது, பாரத்தின் ஈர்ப்பு மையமோ உயரத்தில் இருக்கிறது. ஆகவே வண்டி வெளிச்சக்கரங்களை அச்சாகக் கொண்டு சாயப் பார்க்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 2 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரமும் 2 மீட்டர் என்றால், கணக்குப்படி உராய்வு வண்டி எடையில் 50 சதவீதத்தைத் தொடும்போது உள்சக்கரம் தூக்கும். ஸ்பிரிங் பட்டைகளும் டயர்களும் வளைந்துகொடுப்பதால் நடைமுறையில் அதற்கு முன்பே தூக்கிவிடும். காலி வண்டியில் அந்த உயரம் மிகவும் குறைவு.

எனவே டன் கணக்கைவிட அடுக்கும் உயரத்தைப் பாருங்கள். தளத்தில் பரப்பிய 10 டன் கம்பியைவிட, உயர அடுக்கிய 10 டன் பஞ்சுப் பொதி எளிதில் கவிழும். அரைகுறையாக நிரம்பிய டேங்கரில் திரவமும் வெளிப்பக்கம் ஒதுங்குவதால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் அழுத்திப் பிரேக் பிடித்தால், திரும்புவதற்கு வேண்டிய பிடிமானத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும்.